பத்து நாள் சுவத்துல இருந்த பேப்பர்

பேப்பரா? எந்தப் பேப்பரைக் கேக்கறீங்க? இந்த பேன்ட்ரி சுவத்துல எத்தனையோ பேப்பர் வரும், போகும். பேர் எழுதாத டப்பாவை ஃப்ரிட்ஜ்ல வைக்காதேன்னு ஒண்ணு. லிஃப்ட் ரிப்பேரு, படியேறிப் போன்னு ஒண்ணு. நான் ஏழாவதோட நின்னவம்மா. எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள அதைக் கிழிச்சுட்டு அடுத்ததை ஒட்டிடுவாங்க.

மொதல்ல உக்காருங்க. ஐயோ, அங்க வேணாம், அந்த நாற்காலியில ஒரு கால் ஆடும். இப்படி வாங்க, சுவரை ஒட்டினாப்ல, சாஞ்சு உக்காருங்க. ஆங்.

பெட்டி பத்திரமா இருக்கு. ஸ்டோர் சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கு, கீழ ஏதோ வண்டி வந்திருக்குன்னு போனார், வந்துடுவார். உங்க வீட்டுக்காரர் சாமானை நானே கட்டி வச்சேன், வேற ஒருத்தரையும் தொட விடல. கண்ணாடிக் கூடு, ஸ்வெட்டர், மேஜைக்கடியில கிடந்த செருப்பு, உங்க பொண்ணு வரைஞ்ச ஒட்டகம். ஒட்டகமில்லையா? குதிரையா? ரெண்டு வருஷமா நான் ஒட்டகம்னுதான் நெனச்சிட்டிருந்தேன். சார்கிட்டயே கேட்டேனே, ஒட்டகம் நல்லாயிருக்கு சார்னு. ஆமாம்மான்னு தலையாட்டினாரே! என் மனசு கோணக்கூடாதுன்னு குதிரையை ஒட்டகமாக்கிட்டார் மனுஷன்.

தலகாணியா? முதுகுக்கு வைக்கறது. ம், நீலப் பூ போட்டது. அது பெட்டியில... இருக்கான்னு பாக்கணும். இருங்க, டீ போடறேன். அவர் மாதிரி அரைச் சர்க்கரையா, முழுசா?

எனக்கு இங்க ஒருத்தர் பேரும் வாயில நிக்காது. டீயை வச்சுத்தான் ஆளு. மேனேஜர் ரெண்டு டீ பை. ஹெச்.ஆர். பொண்ணு பால் இல்லாதது. உங்க வீட்டுக்காரர் அரைச் சர்க்கரை. பத்தே முக்காலுக்கு வருவார், தன் கப்பைத் தானே கழுவுவார். நாப்பது பேர் டீ குடிக்கற இடத்துல கப்பைக் கழுவி வைக்கற ஒரே ஆளு. அவர் வரலியா? ஆமா, எப்படி வருவார். பத்தொன்பது வருஷம் ஏறின படியை இப்ப ஒரு பெட்டிக்காக ஏறச் சொன்னா காலு வராது. சாப்பிடறாரா? தூக்கம்?

ம்.

வக்கீலைப் பாத்தீங்களாக்கும். நல்லது. என்ன சொன்னார்? அதென்ன சட்டம், நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது. வெளிநாட்டுலேருந்து ஆள் எடுக்கறதுக்கு முன்னாடி, இன்ன வேலை, இன்ன சம்பளம்னு எழுதி, இங்க வேலை செய்யறவங்க கண்ணுல படற மாதிரி பத்து நாள் ஒட்டணுமா. யாராச்சும் பாத்து, இது நான் பாக்கற வேலையாச்சேன்னு கேள்வி கேக்கலாமா. ஒட்டலைன்னா உங்க கேஸ் நிக்கும், ஒட்டியிருந்தா நிக்காது. அதுக்குத்தான் என்னைத் தேடி வந்தீங்களா. பெட்டிக்குன்னு நெனச்சேன்.

மூணு மாசம்மா! நானும் பாத்துட்டுத்தானே இருந்தேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்துலயே இன்னொரு நாற்காலியைப் போட்டாங்க. ஆஸ்பத்திரிங்களுக்கு பில் போடற ப்ரோக்ராமாம், பழசாம், இவருக்கு மட்டும்தான் அதோட நாடி தெரியுமாம். வந்த ஆளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டுப் போனாத்தான் போகும்போது தர்றதைத் தருவோம்னு மேல சொல்லிட்டாங்க. தன் எடத்துல உக்காரப் போறவனுக்குத் தானே பாடம் எடுக்கறது! வேற யாராயிருந்தாலும் பாதியை முழுங்கியிருப்பாங்க. இவர் நோட்டு போட்டு, கட்டம் கட்டமா வரைஞ்சு காட்டினார். ஒரு நாள் டீ கொண்டு போறேன், சொல்லிட்டிருக்கார்: மாசக் கடைசியில இந்த எடத்துல நின்னுடும், பயப்படாதே, இன்னொரு தடவை ஓட்டினா சரியாயிடும்னு. பயப்படாதேன்னார்மா. அவர் சொல்றார், அவன்கிட்ட.

அந்த ஆளா? அந்த ஆள் எப்படின்னா... அமைதிதான். அதிர்ந்து பேச வராது. டீ தொட மாட்டார், சுடுதண்ணிதான். வயித்துப் புண்ணு. காலையில எழுந்ததும் மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழிச்சுத்தான் எதையும் வாயில வைக்கலாம். எனக்கு எப்படித் தெரியுமா? பேன்ட்ரியில நிக்கறவளுக்குத் தெரியாததா, நல்லாக் கேட்டீங்க.

திட்டுங்க, தாராளமாத் திட்டுங்க. திட்டாம என்ன செய்வீங்க. விசா வாங்கிட்டு வந்து பாதிச் சம்பளத்துக்கு உக்காந்துக்கறாங்கன்னா, போன வீட்டுல வயிறு எரியத்தான் செய்யும். நானும் ஊர்லேருந்து இந்த நாட்டுக்கு வந்தவதான். இருபத்தாறு வருஷமாச்சு. பாத்திரம் கழுவ வந்தேன். என் வேலையைப் பிடுங்கிட்டாளேன்னு யாரும் வக்கீலைப் பாக்கல. எச்சில் தட்டுக்கு யார் போட்டிக்கு வர்றாங்க? அதனால நான் பாட்டுக்கு இருந்துட்டேன், யார் சோத்துலயும் கை வைக்கலேன்னு.

ஃபோன்ல என்ன? நான் கண்ணாடி எடுத்துட்டு வரல. பெருசு பண்ணிக் காட்டுங்க. ம்... கம்பெனிக்காரங்க வக்கீலுக்கு அனுப்பின காப்பியா. அந்தப் பேப்பரேதானா. கீழ ஒட்டின தேதி, எடுத்த தேதி. அதுக்குக் கீழ...

போதும், போதும். என் கையெழுத்துதான். ஏழாவது படிச்ச கையெழுத்து, கோழி கிளறினாப்ல இருக்கும், வேற யாரும் போட முடியாது.

ஒட்டினேன். ஆமா, ஒட்டினேன். மொதல்லயே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். ஹெச்.ஆர். பொண்ணுதான் கொண்டாந்து கொடுத்தா. ஆன்ட்டி, இதை பேன்ட்ரியில ஒட்டிடுங்க, பத்து நாள் கழிச்சு எடுத்துத் தாங்க, கையெழுத்து வேணும்னு சொன்னா. வழக்கமே அதான். இந்த மாதிரி நாலஞ்சு ஒட்டியிருக்கேன், ஒருத்தரும் நின்னு படிச்சதில்ல. டீ கப்போட நிக்கறவங்க ஃபோனைத்தானே பாப்பாங்க. நாலு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டினேன். பத்து நாள் இருந்துது. எடுத்தேன், கொடுத்தேன். அதுல பொய் இல்ல. எங்க வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.

எழுந்துட்டீங்களே.

டீ அப்படியே இருக்கு. பெட்டி வேணாமா? அவர் வந்துடுவார்மா, செக்யூரிட்டி. இல்ல, நான் என்ன சொல்றது, கேஸ் நிக்காதுன்னா நிக்காதுதான். நீங்க ஏன் எனக்கு நன்றி சொல்றீங்க? உண்மையைச் சொன்னதுக்கா? ஐயோ, அதைச் சொல்லாதீங்க. அவரும் அப்படித்தான், எதுக்கெடுத்தாலும் நன்றி. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மாதிரி வந்து வாய்ச்சீங்க.

உக்காருங்கம்மா. ஒரு நிமிஷம். தலகாணி கேட்டீங்களே, அதைச் சொல்லிடறேன். பெட்டியில இல்ல. கடைசி நாளன்னிக்கு சார் கிளம்பும்போது அவரே எடுத்து அந்த ஆள் கையில கொடுத்துட்டார். இந்த நாற்காலி இடுப்பை ஒடிச்சுடும்பா, வச்சுக்கோ, என் வீட்டுக்காரி வேற தைச்சுக் கொடுப்பான்னார். அந்த ஆள் வாங்கிட்டுத் தலை குனிஞ்சு நின்னவர்தான், நிமிரவே இல்ல. அது உங்க சாமான், நீங்க கேட்டதும் கொடுத்துடறதுதான் முறை. நாளைக்குக் கொண்டாந்து வைக்கறேன். கவர்ல டீக்கறை இருந்துது, ஞாயித்துக்கிழமை ஊற வச்சுத் துவைச்சேன். எங்க வீட்டுக் கொடியில காயுது.

ஆமா. எங்க வீட்டுக் கொடியிலதான்.

என் பொண்ணோட வீட்டுக்காரர்மா அவர். என் மாப்பிள்ளை.

இங்க யாருக்கும் தெரியாது. வாசல்லயே பிரிஞ்சுடுவோம், அவர் முன்னால போவார், நான் பின்னால வருவேன். சுடுதண்ணி கொடுக்கும்போது சார்னுதான் கூப்பிடுவேன். மாமியா மருமகனை சார்னு கூப்பிடற கூத்து உலகத்துல எங்க இருக்கும்?

கல்யாணம் ஊர்ல நடந்துது. பொண்ணு இங்க, அவர் அங்க. இவ சம்பளத்துக்குப் புருஷனைக் கூப்பிட்டுக்க முடியாதுன்னுட்டாங்க, அதுக்கு ஒரு கணக்கு இருக்காம், இவ எட்டல. கம்பெனிக்காரன் கூப்பிட்டாத்தான் வரலாம். குழந்தை பொறந்து நடக்க ஆரம்பிச்சுடுச்சு. அப்பா எங்கன்னா ஃபோனைக் காட்டும். அணைச்சு வச்ச ஃபோனைக்கூட எடுத்துட்டு வந்து, அப்பா அப்பான்னு தட்டும். அதைப் பாத்துட்டு இவ பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுவா. ரெண்டு தடவை விசா கைக்கு வந்து நழுவிப் போச்சு. மூணாவது தடவைதான் இந்த கம்பெனி.

அந்தப் பேப்பரை ஒட்டறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன், என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கன்னு. அத்தை, இது எனக்கான வேலைதான், பத்து நாள் யாரும் ஒண்ணும் சொல்லலேன்னா அடுத்தது விசாதான்னார். அவ்வளவுதான் சொன்னார். அதுக்கு மேல அவருக்கு ஒண்ணும் தெரியாது, இன்னிய வரைக்கும் தெரியாது. அவர் மேல பழி போடாதீங்க. என்ன வேலைன்னு கேட்டேன். ஆஸ்பத்திரி பில்லுன்னு படிச்சார். இந்த ஆஃபீஸ்ல ஆஸ்பத்திரி பில்லுன்னா யாருன்னு எனக்குத் தெரியாதா? கேட்டுட்டுத்தான் ஒட்டினேன். அரைச் சர்க்கரை டீயை அன்னிக்கும் நான்தான் கலந்தேன்.

ஒட்டிட்டு மேல ஏப்ரனைத் தொங்க விட்டேன். இதோ, இடுப்புல கட்டியிருக்கேனே, இதே ஏப்ரன். தொங்க விட எடமா இல்ல, கதவுக்குப் பின்னால மூணு கொக்கி இருக்கு. பத்து நாளும் இடுப்புல ஒண்ணு, சுவத்துல ஒண்ணு. காலையில வந்ததும் மொத வேலை, சரியா மூடியிருக்கான்னு பாக்கறதுதான்.

நாலாம் நாள் சார் வந்தார். டீ ஆவியில கண்ணாடி மங்கிப் போச்சு, கழட்டிக் கையில வச்சுக்கிட்டுத் துடைக்க எதையோ தேடினார். ஏப்ரன் நுனி கையில பட்டுது. தூக்கினார்மா. பேப்பர் அவர் மூக்குக்கு நேரா. கண்ணாடி இல்லாம அவருக்கு வெள்ளையா ஏதோ தெரிஞ்சிருக்கும். என்னம்மா இது உள்ளன்னார். கையில இருக்கற கண்ணாடியை மாட்டியிருந்தா முடிஞ்சுது. நான் பாஞ்சு போய், அது அழுக்குத் துணி சார், முகத்துகிட்ட கொண்டு போகாதீங்கன்னு பிடுங்கிட்டு, டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். நல்லவேளை சொன்னீங்க, நன்றிம்மான்னார்.

குழந்தை இப்ப ஃபோனைத் தட்டறதில்ல. அவர் மடியில ஏறித் தாடையைத் தட்டுது. நான் ஆசைப்பட்டது அதுதான். அது கண்ணு முன்னாலயே நடக்குது, பாத்துட்டு உக்காந்திருக்க முடியாம எழுந்து போயிடறேன். கொடியில அந்தக் கவர் ஆடுது. நீலப் பூவு. கையால தைச்சிருக்கீங்க, மடிச்சுத் திருப்பி, நூல் வெளிய தெரியாம.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். என்னைப் பாக்கவும் வேணாம். உங்க ஃபோனை மறுபடி எடுங்க. அந்தப் பேப்பரைப் பெருசு பண்ணுங்க. கையெழுத்தை விடுங்க, மேல போங்க. இன்னும் மேல. நடுவுல ஒரு கருப்புப் புள்ளி இருக்கா? ஜெராக்ஸ் மெஷின் அழுக்குன்னு உங்க வக்கீல் நெனச்சிருப்பார். அழுக்கில்ல, ஓட்டை. நாலு மூலையில டேப் போட்ட பேப்பருக்கு நடுவுல எதுக்கு ஓட்டை வருது? கம்பெனி ஃபைல்ல இருக்கற அசலை வாங்கிப் பாக்கச் சொல்லுங்க, விரல் போற அளவுக்கு இருக்கும். எதுக்குன்னு கேட்டா, என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. வருவேன். வந்து சொல்லுவேன். வீட்டுல இன்னும் சொல்லல, இன்னிக்குப் போய்ச் சொல்லணும். எப்படிச் சொல்லப் போறேன்னு தெரியல.

செக்யூரிட்டி வந்துட்டார் பாருங்க, சாவிச் சத்தம் கேக்குது. பெட்டி கனமா இருக்கும், நான் லிஃப்ட் வரைக்கும் பிடிக்கறேன்.

அந்த நாற்காலி ஒண்ணும் ஆடாதும்மா. அங்க உக்காந்தா இந்தச் சுவரு உங்க கண்ணுக்கு நேரா வரும், அதான் மாத்தி உக்கார வச்சேன். இப்பத் திரும்பிப் பாருங்க. உங்க தலைக்கு மேல, ஒரு சாண் உயரத்துல. அந்த ஆணிதான்.