பூதக்கண்ணாடி போட்ட குறிப்பு

விளக்கு எரியட்டும், அந்தக் கதவை மட்டும் சாத்துங்கள்... இது என் நண்பனுடைய அத்தானுக்கு நடந்தது. நடுநிசியில் இல்லை. மத்தியானம் இரண்டு மணி. ஈ காக்கை இல்லாத தெரு. இரண்டு பக்கமும் மூடிய ஜன்னல்கள். தன் செருப்புச் சத்தம் தனக்கே கேட்க, செத்துப்போன ஒருவரின் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார் அத்தான். பயத்தில் அல்ல... கடுப்பில்.

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள் இருக்கிறதே, அதில் நினைவகத்தைப் பங்கு போடும் பகுதிக்கு அவர்தான் காவல். எவன் எந்த வரியை மாற்றி அனுப்பினாலும், அவர் படித்து 'சரி' போட்டால்தான் உள்ளே போகும். பெரிய மாற்றமாக வந்தாலாவது சுவாரசியம். வருவதெல்லாம் ஒட்டடை அடிக்கிற வேலை. எங்கோ ஒரு எழுத்துப்பிழை, யாரும் தொடாத ஒரு வரி, கூடுதலாக ஒரு இடைவெளி. மாற்றம் மூன்று வரிதான். அது எதை உடைக்கும் என்று பார்க்க முந்நூறு வரி படிக்க வேண்டும்.

முன்பு இரண்டு பேர் பார்த்தார்கள். மற்றவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூட, பிழை பார்த்துவிட்டுத்தான் வாழ்த்துவார். நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். மொத்தமும் அத்தான் தலையில் விழுந்தது.

"சாப்பாடு ஆறுது. இன்னும் எத்தனை?" என்று முந்தின இரவு நண்பனின் அக்கா, அதாவது அவர் மனைவி, கேட்டாள்.

"நாப்பத்திரெண்டு. அத்தனையும் குப்பை!"

அன்று காலை பொறுமை அறுந்துவிட்டது. எதையும் படிக்காமல் நாற்பத்திரண்டுக்கும் 'சரி' போட்டுவிடுவது என்று உட்கார்ந்தார். டக்... டக்... பத்தொன்பதாவதில் விரல் நின்றது. அதன் கீழே ஏற்கெனவே ஒரு குறிப்பு. பூதக்கண்ணாடியின் பெயரில். அன்றைய தேதியில்.

"தம்பி, இதைச் சேக்காதே. துடைக்கிற வரியை எடுத்துட்டான்."

நினைவகத்தில் ஒரு நிரல் எழுதிவிட்டுப் போன இடத்தை, அடுத்த நிரலுக்குக் கொடுக்கும் முன் துடைக்க வேண்டும். 'இரண்டு இடத்தில் துடைக்கிறோம், ஒன்று போதும்' என்று எவனோ ஒன்றை நீக்கியிருந்தான். பார்வைக்கு நியாயம்தான். அத்தான் ஒரு மணி நேரம் தோண்டினார்... ஒரே ஒரு பாதையில் அந்த ஒரு துடைப்பைத் தவிர வேறு துடைப்பே இல்லை. சேர்த்திருந்தால், ஒருவருடைய கடவுச்சொல்லும் கடிதமும் அடுத்தவன் கண்ணில் பட்டிருக்கும்.

முதுகு சில்லிட்டது. அதற்கு மேலே எரிச்சல். செத்தவர் கணக்கில் எவனோ புகுந்து விளையாடுகிறான்! கணக்குகளைக் கவனிக்கும் பையனுக்குப் போன் போட்டார்.

"அவர் இறந்த வாரமே அவர் கணக்கை மூடிட்டோம் சார்."

"அப்ப இந்தக் குறிப்பை யாருப்பா எழுதினது?"

"எந்தக் குறிப்பு சார்? என் திரையில ஒண்ணும் தெரியலையே..."

அதனால்தான் அந்த மத்தியானத் தெரு.

பூதக்கண்ணாடியின் மனைவி கதவைத் திறந்தார்.

"அண்ணி, அண்ணன் கம்ப்யூட்டரை யாராவது எடுத்து வேலை பாக்குறாங்களா?"

"அதையா? வித்து ரெண்டு மாசமாச்சு தம்பி. வந்து பாருங்க."

வெறும் அறை. மேசைகூட இல்லை. தரையில் அதன் கால்கள் நின்ற நான்கு தடம். ஜன்னல் மூடியிருந்தது. ஆனால்... நாளெல்லாம் ஓடிய கருவியிலிருந்து வருமே, சூடான பிளாஸ்டிக் வாடை. அது மூக்கில் ஏறியது. பிறகு விசைப்பலகை தட்டும் சத்தம். டக். டக்டக். ஒரு நிறுத்தம். டக்.

அத்தான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"உங்களுக்கும் கேக்குதா? எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்..."

திரும்பும் பேருந்தில் கடைசி இருக்கை. 'செத்தும் நிம்மதியா விடமாட்டேங்கிறாரே' என்று முணுமுணுத்தபடி மடிக்கணினியைத் திறந்தார். அந்தத் துடைப்பை இனி எவனும் நீக்காதபடி, அதன் மேலே மூன்று வரி எச்சரிக்கை எழுதினார். இணையத் தொடர்பு இல்லை. யாருக்கும் அனுப்பவில்லை. எழுதி முடித்துக் கையை எடுத்தார்... அவ்வளவுதான்.

கீழே ஒரு குறிப்பு, எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது.

"மூணாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

பார்த்தார்.

விட்டுத்தான் போயிருந்தது.