எல்லைக்குள் ஒரு வீடு

வரைபடத்தில் வடக்குத் திசை மேலே இருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைக்கூடப் பலர் சரியாகச் செய்வதில்லைங்க, ஐயா.

என் பெயர் பழனிமுத்து. திருப்பூரில் இருபத்திரண்டு வருடமாகக் கட்டட வரைபடம் போட்டு, அனுமதிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். 2004 வரை என் விண்ணப்பம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இந்த வருடம் ரத்தினசாமி வந்தார். ஊருக்குள் இருந்த தன் சாயப்பட்டறையைக் கொமரலிங்கம் தாண்டி, நாலே வீடுள்ள ஒரு குக்கிராமத்துக்கு மாற்ற நினைத்தார். புன்செய்க் காடு வாங்கியாயிற்று. அனுமதி மட்டும் கிடைக்கவில்லை; நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. பட்டறைக்கு நூறு மீட்டருக்குள் ஆள் குடியிருக்கும் வீடு இருக்கக் கூடாதாம். அங்கே அறுபத்து நாலாவது மீட்டரில் ஓர் ஓட்டு வீடு இருந்தது. அந்தோணிராஜ், ரோஸ்மேரி என்ற தெற்கத்தித் தம்பதியின் வீடு. விலைக்குக் கேட்டுப் பார்த்தார். அவர்கள் தரவில்லை.

"ஏனுங்க, அந்த ஊட்டைப் படத்துல போடாம உட்டுருங்களேன். பாக்க வாரவங்கள நான் பாத்துக்கறேன்" என்றார் ரத்தினசாமி.

"இல்லீங்க. இருக்கற கட்டடத்தை நான் மறைக்க மாட்டேன்" என்றேன்.

விதியை மறுபடி படித்தேன். அது கட்டடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. குடியிருப்பவர்களைத்தான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பும், முளை அடிக்கும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். மற்ற மூன்று வீடுகளும் மேட்டுக்கு அந்தப் பக்கம். இவர்கள் அப்போதுதான் சர்ச்சுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். ரோஸ்மேரி சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"இந்தத் தண்ணிக்காவத்தான்ணே திருப்பூர் மண்ணரைய விட்டு வந்தோம்" என்றார் அந்தோணிராஜ். பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர். "அங்க கெணத்துல வாளியப் போட்டா சாயத்தண்ணி செவப்பாத்தான் வரும். இவளுக்குக் கையெல்லாம் புண்ணு. எவ்வளவு குடுத்தாலும் போவ மாட்டோம்ணே."

நியாயமான பேச்சு என்றுதான் எனக்கும் பட்டது. இன்னொரு தடவை அளந்துவிடலாம் என்று சொல்லி, டேப்பின் முனையை அவரிடம் கொடுத்தேன். சுவர் மூலையில் குந்தி, அதை அழுத்திப் பிடித்து, "சரியா இருக்காண்ணே?" என்று கேட்டார். பின்மண்டையில் சம்மட்டியால் அடித்தேன். முதல் அடியில் நெற்றி சுவரில் மோதியது. கை டேப்பை விடவில்லை. இரண்டாவது அடியில் எலும்பு உள்ளே போனது. மூன்றாவது தேவையில்லை, இருந்தாலும் அடித்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

சத்தம் கேட்டு ரோஸ்மேரி வந்தார். "அவுகள என்ன செஞ்சிய?" என்றார். ஓடியிருக்கலாம். அவரோ உட்கார்ந்து, புருஷன் தலையை மடியில் தூக்கி வைத்து, முந்தானையால் ரத்தத்தை அடைக்கப் பார்த்தார். சம்மட்டியை ஓங்கியதும் கையைக் குறுக்கே நீட்டினார். கை முறிந்தது. அடுத்தது நெற்றியில் விழுந்தது.

மறுநாள் ரத்தினசாமியிடம் படத்தைக் கொடுத்து, "அந்த ஊட்டுல இப்ப ஆரும் இல்லீங்க" என்று நடந்ததைச் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். "படத்துல இருந்து எடுக்கத்தானுங்க சொன்னேன்... படத்துல..." என்று அழுதார். அவர்தான் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி உங்களுக்குச் சொன்னவர் என்று தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. படத்தை ஒரு தடவை விரித்துப் பார்த்திருக்கலாம்.

பத்தரைக்கு அடித்தவன் இரண்டு மணி வரை அங்கே என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். வாசற்படியில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தேன். 'குடியிருப்போர்' என்ற கட்டத்தை மட்டும் உடனே நிரப்ப முடியவில்லை. ரோஸ்மேரிக்கு மூச்சு இருந்தது. நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கவும் செய்தார். உயிரோடு ஒருவர் இருக்கையில் 'யாருமில்லை' என்று எழுதினால் அது பொய்யாகிவிடும் இல்லீங்களா. அதனால் காத்திருந்தேன்.