விரிசல் இல்லாத கை

வீங்கிய விரல் முட்டிக்கு ஐஸ் வைக்கும்போது பலபேர் செய்யும் தவறு, ஐஸ் கட்டியை அப்படியே தோலின் மேல் அழுத்துவது. தோல் புண்ணாகிவிடும். மெல்லிய துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து, எடுத்துவிட்டு, கை பழைய சூட்டுக்கு வந்த பிறகுதான் மறுபடி வைக்க வேண்டும். என் தங்கைக்கு ஆறு வருடம் நான் அப்படித்தான் செய்தேன் ஐயா.

வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்பா அதற்கு முன்பே இல்லை. காய்ச்சலுக்குக் கண்விழித்தது, பள்ளிக்கூடக் கூட்டத்தில் அம்மாக்களுக்கு நடுவே கூச்சத்தோடு உட்கார்ந்தது, எல்லாம் நான்தான். எனக்குப் பெண் பார்த்தபோது அந்த வீட்டார், "தங்கச்சி எத்தனை நாளைக்கு உங்களோட இருப்பா?" என்று கேட்டார்கள். அதோடு கல்யாணப் பேச்சை விட்டுவிட்டேன்.

பதினேழு வயதில் கராத்தே வகுப்பில் சேர்ந்தாள். கயிறு சுற்றிய பலகையில் தினமும் இருநூறு குத்து. மாலையில் வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டுவாள். முட்டித்தோல் உரிந்து சிவந்திருக்கும். "மெதுவாண்ணா" என்பாள். அந்த அரைமணி நேரத்தில்தான் அன்றைய கதையெல்லாம் வரும். மாஸ்டர் தும்மியதைக் கட்டளை என்று நினைத்துப் புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையாகக் குனிந்து வணக்கம் வைத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். நாள் முழுக்க "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு கிடையாது. என்னோடு வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

போன வருடம் பெரிய பயிற்சி முகாமுக்குத் தேர்வு வைத்தார்கள். தேறினால் இரண்டு வருடம் வேறு ஊரில் விடுதி வாசம்.

"நான் போயிட்டா நீ தனியா என்னண்ணா பண்ணுவே?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"நிம்மதியா தூங்குவேன்" என்றேன்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது வலது கையில் வீக்கம் வடியவில்லை. நானே எக்ஸ்ரே எடுத்தேன். நடுவிரல் முட்டிக்குக் கீழே எலும்பில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். எலும்பு விலகவில்லை. மாவுக்கட்டுப் போட்டு ஒரு மாதம் அசைக்காமல் வைத்திருந்தால் சேர்ந்துவிடும். இந்தத் தேர்வு போகும், அவ்வளவுதான். அடுத்த வருடம் இன்னொன்று வரும். அதைத்தான் நான் வெகுநேரம் யோசித்தேன். அடுத்த வருடமும் வரும், அதற்கடுத்த வருடமும் வரும்.

அலமாரியில் வேறொருவருடைய வலது கை ஃபிலிம் இருந்தது. விரிசல் இல்லாத கை. மூலையில் இருந்த பெயரைக் கத்தரித்துவிட்டு, குட்டியின் பெயர் எழுதிய உறையில் அதைப் போட்டேன்.

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல குட்டி. குத்தக் குத்தத்தான் இறுகும்."

"நிஜமாவா? காலைல பல்லு விளக்கவே முடியலண்ணா."

"நான் பொய் சொல்வேனா?"

அதை அவள் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உறையைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.

தினமும் காலையில் வலிமாத்திரை கொடுத்தேன். வலி தெரியாததால் இன்னும் ஓங்கிக் குத்தினாள். மாலையில் வழக்கம்போல் ஐஸ். பதினெட்டாம் நாள் எலும்பு இரண்டாக விலகியது. அவள் கத்தவில்லையாம். பலகைக்கு முன்னால் அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாளாம். மாஸ்டர் சொன்னார்.

ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். உள்ளே சீழ் பிடித்தது. மூன்று விரல்கள் இனி மடங்காது. டாக்டர் பழைய எக்ஸ்ரேயைக் கேட்டார். குட்டி இடது கையால் உறையை எடுத்துக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உங்க கை இல்லையேம்மா. மூட்டெல்லாம் தேஞ்சிருக்கு. அறுபது வயசு ஆளோட கை இது."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பல்லு விளக்க முடியலன்னு சொன்னேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மாத்திரை குடுத்தப்பவும்?"

"தெரியும் குட்டி."

கட்டுப் பிரித்த அன்று மாஸ்டரின் மனைவியோடு வந்து துணிமணிகளை எடுத்துக்கொண்டாள். பையின் ஜிப்பை இழுக்க முடியாமல் திணறினாள். உதவிக்கு நான் குனிந்தபோது பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். கைத்தவறாகவோ மறதியாகவோ நடந்ததல்ல. தெரிந்தே மாற்றினேன், தெரிந்தே குத்தச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு அவளால் தலை பின்ன முடியாது, சட்டைக்குப் பொத்தான் போட முடியாது. அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. இப்போது எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறாள் என்று உங்கள் கையில் இருக்கும் அவளுடைய புகாரில் எழுதியிருக்கும். அதை மட்டும் படித்துச் சொல்லுங்கள் ஐயா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.