வாரம் ஒரு பட்டன்

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பேருந்து என் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டால்கூட ஓட்டுநரைக் கூப்பிடமாட்டேன். அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்.

பரிசோதனைக்கூடத்தில் எங்கள் அறையில் நான்கு பேர். ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுவது வேலை. எங்களில் மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுபவர், அங்கே பத்தொன்பது வருடம் இருந்தவர். திரையின் மேலே வரிசையாக இருக்கும் பட்டன்களை அவர் பார்ப்பதே இல்லை. தேடு, சேமி, அழி எல்லாம் அவர் கைக்கே தெரியும். நான் மெதுவாகச் செய்தால், "தள்ளு கண்ணு, நீ முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிச்சிடுவேன்" என்று மவுஸை வாங்கிக்கொள்வார். மற்ற இருவரும் சிரிப்பார்கள்.

அந்தப் பட்டன்களை நம் வசதிப்படி இடம் மாற்றிக்கொள்ளலாம். இழுத்து விட்டால் போதும். அக்காவுக்கு அது தெரியாது. திங்கட்கிழமைதோறும் அவர் டீ குடிக்கப் போனதும், அவர் கணினியில் ஒரே ஒரு பட்டனை ஓர் இடம் தள்ளி வைத்தேன். வாரத்துக்கு ஒன்றுதான். எதையும் அளவோடு செய்வது என் பழக்கம்.

சேமிப்பதாக நினைத்து அழித்தார். தேடப் போய் அச்சடித்தார்.

"கண்ணு, இது இங்கதானே இருந்துச்சு?"

"எப்பவும் அங்கதான்க்கா இருக்கு."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். பல தடவை சொன்னேன், ஆனாலும் ஒன்றுதான். அழிந்த முடிவுகளை நானே மறுபடி ஏற்றிவிட்டேன். நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள்?

அக்காவின் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லையாம். தனக்கும் ஆரம்பித்துவிட்டதென்று அழுதார். மூளை ஸ்கேனுக்கு நான்தான் துணைக்குப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அக்காவைவிட எனக்குத்தான் நிம்மதி. அடுத்த திங்கட்கிழமை இரண்டு பட்டன்களை நகர்த்தினேன்.

போன மாதம் வேலையை விட்டுவிட்டார். "என் இடத்துல நீ உக்காரு கண்ணு. என்கிட்ட மூஞ்சியச் சுளிக்காம இருந்தது நீ ஒருத்திதான்" என்றார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக எல்லாப் பட்டன்களையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அந்த வரிசைதான் கைக்கு வசதி.

அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தினமும் காலையில் ஃபோன் செய்து, "இன்னைக்கு என்ன கிழமை கண்ணு?" என்று கேட்கிறார். நேற்று வரை சரியாகத்தான் சொன்னேன்.

இன்று திங்கட்கிழமை.