பக்கத்தின் அடியில் இருந்த எண்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், பத்துப் பேரில் எட்டுப் பேர் தங்கள் வீட்டு பிரிண்டரைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். நான் அதற்குக் கோபப்பட்டதே இல்லை. முடிந்தால் பார்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஜான் பீட்டர் கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஆள் என்பார்கள். மற்றதைக் கேட்பதற்கு முன் இதை நீங்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மீரான் சாகிபுவின் மளிகைக்கு இணையக் கடை கட்டிக் கொடுத்தவன் நான். மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தபடியே அரிசி, மாவு, முறுக்கு, மாத்திரை என்று ஆர்டர் போடுவார்கள். இங்கே சுற்றுவட்டாரத்து ஊர்களில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்குச் சாமான் போய்ச் சேரும். பாசத்தை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிற தொழில். நன்றாகவே ஓடியது.

அந்தக் கடையில் எல்லோரும் மெச்சியது ஒரு சின்னக் கட்டத்தை. ஆர்டர் போடும் பக்கத்தில் 'வீட்டுக் குறிப்பு' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். சாமான் கொண்டுபோகிறவருக்குத் தெரிய வேண்டியதைப் பிள்ளைகள் அதில் எழுதலாம். என்ன எழுதினார்கள் என்கிறீர்கள், கடிதமே எழுதினார்கள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஆன் மேரி, நாச்சியாபுரத்தில் தனியாக இருந்த தன் அம்மா அடைக்கலமேரி டீச்சருக்காக எழுதியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "அம்மாவுக்கு வலது காது கேட்காது. இடப்பக்கம் நின்று பேசவும். வேலைக்கு வரும் ஆயி பதினொரு மணிக்குப் போய்விடுவார். அதன் பிறகு வந்தால் பின்கதவு திறந்திருக்கும்." இப்படி நாற்பது வீடுகள். யாருக்குக் கண் தெரியாது, யார் நடக்க மாட்டார், யார் எப்போது தனியாக இருப்பார், எல்லாம் அந்தக் கட்டத்தில் இருந்தது. வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் இதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். கடையை ஓட்டும் மென்பொருள் நான் எழுதியதல்ல, எங்கோ வெளிநாட்டில் எழுதியது. எழுதியவர்கள் மாதாமாதம் தங்கள் சரக்கில் புதிதாக ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை அடைக்க ஒரு பேட்ச் அனுப்புவார்கள். அதை ஏற்றுவதுதான் எனக்கு மாதச் சம்பளம் வாங்கித் தந்த வேலை. புது வசதி ஏதாவது வேண்டுமென்றால் மென்பொருளின் உள்ளே கை வைக்காமல் தனியாகச் சேர்க்க வேண்டும் என்பது முறை. நான் அவசரத்தில் உள்ளேயே கை வைத்து என் கட்டத்தை எழுதியிருந்தேன். பேட்ச் ஏற்றினால் அது துடைத்துப் போட்டதுபோல் போய்விடும்.

முதல் மாதம் நேர்மையாக ஏற்றினேன். கட்டம் காணாமல் போனது. திரும்பக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. கடை நிறைய ஆள் இருக்கும்போது மீரான் சாகிபு கேட்டார்.

"ஓடிக்கிட்டு இருந்ததப் போயி ஏன் தம்பி நோண்டுனீக?"

அந்த இரண்டு நாளும் மானத்தைக் காப்பாற்றியவர் வாஹித் பாய். கடையில் சாமான் கொண்டுபோகிறவர், நாற்பத்தாறு வயது, பன்னிரண்டு வருடமாக அதே ஸ்கூட்டர். குறிப்பே இல்லாமல் எல்லா வீட்டுக்கும் போய், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் கொடுத்துவிட்டு வந்தார். நாற்பது வீட்டுக் குறிப்பும் அவருக்கு மனப்பாடம். டீச்சர் வீட்டில் மறக்காமல் இடப்பக்கம் போய் நின்றாராம். ஊரே அவரைப் பாராட்டியது. நான் எந்த ஓட்டையை அடைத்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த நாட்டில் உருப்படியாக வேலை செய்தால் திட்டு விழும் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன். மறுமாதம் முதல் வேறு வழி பார்த்தேன். துபாயில் இருக்கும் மருமகன் யாரோ மீரான் சாகிபுவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார், பக்கத்தின் அடியில் ஓர் எண் இருக்கும், பேட்ச் ஏற்றினால் அது ஒன்று கூடும், அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி போன் வரும், "நம்பரு ஏறிருச்சா தம்பி?" என்று. எண் என்பது வெறும் ஒரு வரி. கையாலேயே மாற்றிவிடலாம், அரை நிமிட வேலை. பதினான்கு மாதம் எண் தவறாமல் ஏறியது. ஓட்டைகள் தத்தம் இடத்தில் இருந்தன. மீரான் சாகிபுவும் சந்தோஷம், நானும் சந்தோஷம். ஒரு பெரிய மனிதரை அரை நிமிடத்தில் சந்தோஷப்படுத்த முடியும் என்றால் அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

நடுவில், ஒன்பதாம் மாதம் என்று நினைக்கிறேன், மென்பொருள்காரர்களிடமிருந்து கொஞ்சம் பதற்றமான கடிதம் ஒன்று வந்தது. கடவுச்சொல் இல்லாமலே வெளியாட்கள் ஆர்டர்களையும் அவற்றோடு இருக்கும் குறிப்புகளையும் படிக்க முடியும், உடனே பேட்ச் ஏற்றுங்கள் என்று எழுதியிருந்தார்கள். படிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு தடவை படித்தேன். ரஷ்யாவில் உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு அடைக்கலமேரி டீச்சரின் காதைப் பற்றி என்ன அக்கறை இருக்கப்போகிறது என்று யோசித்தேன். அது நியாயமான யோசனைதான். தமிழ் படிக்கத் தெரிந்த திருடர்களும் உண்டு என்பது அப்போது தோன்றவில்லை. எண்ணை மாற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சென்ற ஆவணியில் இரண்டு வாரத்துக்குள் மூன்று வீட்டில் திருட்டு. முதலில் ஆத்தங்குடியில் ஒரு வீடு, அடுத்து பிள்ளையார்பட்டிப் பக்கம் ஒன்று, மூன்றாவது டீச்சர் வீடு. ஒரு வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்குப் பின்கதவு வழியாக இரண்டு பேர் அட்டைப்பெட்டியோடு வந்திருக்கிறார்கள். மளிகையிலிருந்து வருகிறோம் என்று இடப்பக்கம் நின்று பணிவாகப் பேசியிருக்கிறார்கள். டீச்சர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். சங்கிலியைப் பிடித்து இழுத்ததில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. மறுநாள் ஆயி வந்து பார்க்கும்வரை சமையலறைத் தரையிலேயே கிடந்தார்.

எனக்குப் பயம் வந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. யார் யார் எங்கிருந்து எந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்பதைக் கணினி வரிவரியாக எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரோ ஒருவர் மூன்று வாரமாக, கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்திலிருந்து, நாற்பது வீட்டுக் குறிப்பையும் ஒன்றொன்றாகப் படித்திருந்தார். டீச்சர் வீட்டுக் குறிப்பை மட்டும் ஆறு தடவை. அன்றைக்கு எந்த வீட்டுக்குச் சாமான் போகிறது என்பதையும் ஒவ்வொரு திருட்டுக்கும் முன் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலையில் உட்கார்ந்தேன். பதினான்கு மாதப் பேட்சுகளையும் ஏற்றினேன். கட்டத்தை முறைப்படி தனியாக எழுதிச் சேர்த்தேன். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம்தான் ஆனது, நானே ஆச்சரியப்பட்டேன். பிறகு பழைய பதிவை அழித்தேன். வீட்டைச் சுத்தம் செய்தால் குப்பையையும் வெளியே போடத்தானே வேண்டும்.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் ஆதித்தன் வந்தார். மரியாதையான மனிதர். காது விஷயமும் ஆயி போகும் நேரமும் குறிப்பைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"வெளியாளு யாரும் இதப் பாக்க முடியுமா சார்?"

முடியாது என்றேன். அவர் கேட்டது திங்கட்கிழமை. திங்கட்கிழமை நிலவரப்படி அது முழு உண்மை. அடியில் இருந்த எண்ணையும் காட்டினேன், இந்தத் தடவை அதுவும் உண்மையாகவே இருந்தது. கடைக்குள் யார் யார் பார்ப்பார்கள் என்று அடுத்துக் கேட்டார். வாஹித் பாய் பார்ப்பார் என்றேன். கூடவே, நாற்பது வீட்டுக் குறிப்பும் அவருக்கு மனப்பாடம், குறிப்பே இல்லாமல் இரண்டு நாள் வேலை பார்த்திருக்கிறார் என்பதையும் சொன்னேன். நல்லவிதமாகத்தான் சொன்னேன். அவர் அதை எப்படி எழுதிக்கொண்டார் என்பது அவர் பாடு.

செவ்வாய்க்கிழமை வாஹித் பாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்த இரண்டு பேருக்கும் துப்புக் கொடுத்தவர் அவர்தான் என்பது வழக்கு. டீச்சர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே சொன்னாராம்.

"வாஹித்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் சொல்றத எழுதிக்கிருங்க."

எழுதிக்கொண்டார்கள். ஆனால் அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று தானாக வந்து சேர்ந்தது. வாஹித் பாய் உள்ளே போன நாளிலிருந்து சுற்றுவட்டாரத்தில் ஒரு திருட்டும் இல்லை. ஆளைப் பிடித்தார்கள், திருட்டு நின்றது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஊர் பேசியது. அது நின்றது என் பேட்சால் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. பதினான்கு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, அதன் பேர் போலீஸுக்குப் போய்விட்டது. சோம்பேறித்தனமாக இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் நாலாவது வீட்டில் திருட்டு நடந்திருக்கும், வாஹித் பாய் அன்றைக்கே வெளியே வந்திருப்பார். கடமையைச் செய்வதில் இருக்கும் சங்கடம் இதுதான்.

டீச்சர் பத்தொன்பதாம் நாள் இறந்துபோனார். வழக்கின் பிரிவு மாறிவிட்டது, இனி ஜாமீன் லேசில் கிடைக்காது என்றார்கள். அடக்கத்தன்று பெட்டியின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். ஆன் மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் தான் எழுதி வைத்த குறிப்பால்தான் வந்தது என்று அழுதார். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று ஆறுதல் சொன்னேன். அவர் அழுகை என்னை நிஜமாகவே வருத்தியது.

போன வாரம் வாஹித் பாயின் மனைவி சுஹானா வந்திருந்தார். மதுரைச் சிறையில் கணவரைப் பார்த்துவிட்டு நேராக என் அலுவலகத்துக்கு வந்தவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவுக ஒங்ககிட்டக் கேக்கச் சொன்னாக அண்ணே. யாரு யாரு படிச்சாகன்னு கம்ப்யூட்டரு எழுதி வச்சிருக்குமாம்ல. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

என்றைக்கோ டீக்கடையில் நான் வாஹித் பாயிடம் சொன்ன விஷயம். அந்த மனிதருக்கு இருக்கும் ஞாபகசக்திதான் அவருக்கு எதிரி. எனக்கு வேலை இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அந்தப் பெண்ணை அலையவிட்டிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. உடனே திறந்தேன். அவரும் பார்க்கட்டும் என்று திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அந்த மூன்று வாரத்தின் தேதிகளைப் போட்டுத் தேடினேன். வெற்றுப் பக்கம் வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன்.

அவர் அந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாத்தீகளா அண்ணே?"

அவர் திருப்திக்காக இன்னொரு தடவையும் தேடிக் காட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நேரம் ஒதுக்கினதே பெரிசு, ஒங்கள அல்லா நல்லா வைக்கணும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. பதிவை அழித்தது யார் என்று அங்கே யாராவது கேட்டால் நான் என்று சொல்லிவிடுவேன். இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை, கேட்காததற்குப் பதில் சொல்வது என் வழக்கமும் இல்லை. சுஹானா கேட்டதற்கு நான் பார்த்தேன், இருந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் ஒரு சொல்கூட நான் பொய் சொல்லவில்லை.