மருமகளின் ஃபைல்

விசாவுக்கு எடுக்கும் புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது, வக்கீலம்மா. முடியை முன்னால் இழுத்துவிட்டு அழகாகப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கவுன்ட்டரில் திருப்பித் தந்தால் திருதிருவென்று முழிப்பார்கள். என் மருமகளை நான்கு முறை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போயிருக்கிறேன். நான்கு படத்திலும் இரண்டு காதும் தெரியும். ஃபைலைத் திறந்து நீங்களே பாருங்கள்.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் கைப்பிடித்து ஆட்டோவில் ஏற்றி இறக்கி, என் தண்ணீர் பாட்டிலையும் கண் மருந்தையும் தன் பையில் போட்டுக்கொண்டு கூட்டி வந்தாள். "மாமாவுக்கு எல்லாம் தெரியும் மேடம். அவர் வந்து சொன்னா கோர்ட்டே நம்பும்" என்று அவள் உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதனால்தான் கதவைச் சாத்தச் சொன்னேன்.

என் மகன் விவாகரத்து கேட்டுப் போட்டிருக்கும் மனுவைப் படித்தேன். விசா கிடைத்தும் மனைவி பாஸ்போர்ட்டை அனுப்பவில்லை, தன்னோடு வாழ அவளுக்கு விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறான். அவளோ விசாவே வரவில்லை என்கிறாள். இதில் எது உண்மை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும்.

நான் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். என் மேஜைக்கு வந்த எந்த மனுவையும் நிராகரித்ததில்லை. நிராகரித்தால் மேலதிகாரியிடம் போய் நிற்பார்கள், மொட்டைக் கடிதம் போடுவார்கள். ஒரு சின்னக் குறையைக் காட்டித் திருப்பித் தந்தால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆபீசில் எனக்கு 'ஊறுகாய்' என்று பட்டப்பெயர். ஃபைல் என்னிடம் வந்தால் ஊறுமாம். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் பொய்க் காகிதம் வைத்தேன், கை நீட்டிக் காசு வாங்கினேன் என்று என்னை ஒருவன் விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

கல்யாணம் முடிந்து மகன் வெளிநாட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் என் மனைவி குளியலறையில் விழுந்தாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது. ஆயா ஒருத்தியை வைத்தோம், ஒரு வாரத்தில் ஓடிவிட்டாள். இன்னொருத்தி வந்தாள், அவள் ஒரு வாரம்கூட இல்லை. புது மருமகளிடம் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். வாயில்லாப் பூச்சி. அப்பா இல்லாத பெண். அண்ணன்காரன் கட்டிக் கொடுத்ததோடு கை கழுவிவிட்டான்.

அந்த நாட்களில் மகனும் மருமகளும் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். "அத்தையை இந்த நிலைமையில விட்டுட்டு எப்படி மாமா போறது" என்றாள் அவள். "எனக்கு இங்க இன்னும் கால் ஊணலப்பா. கொஞ்ச நாள் போகட்டும்" என்றான் அவன். இரண்டும் மனதிலிருந்து வந்த வார்த்தை. இவள் சொன்னதை அவனிடமும் அவன் சொன்னதை இவளிடமும் அப்படியே சொன்னேன்.

பிறகு அவன் காலூன்றிவிட்டான். "அவளை அனுப்புங்கப்பா, அம்மாவுக்கு நல்ல ஆளாப் போட நான் பணம் அனுப்புறேன்" என்றான். அவளும் ஒருநாள் தட்டுக் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "நான் எப்ப மாமா அங்க போவேன்" என்று கேட்டாள். இந்தப் புது வார்த்தைகளை நான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பழையதையே கொடுத்து வந்தேன். அவனிடம், "அத்தையை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு கேக்குறாப்பா." அவளிடம், "கால் ஊணலன்னு சொல்றாம்மா." சொன்னது அவர்கள்தானே? நான் ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

புருஷன் பெண்டாட்டி போனில் பேசிக்கொள்ள மாட்டார்களா என்று உங்கள் புருவம் ஏறுகிறது. தினம் பேசினார்கள். ஆனால் அவனிடம் நான் சொல்லி வைத்திருந்தேன்: "இதை அவகிட்டக் கேக்காதப்பா, அழுதுடறா." அவளிடமும் சொல்லியிருந்தேன்: "அவன்கிட்ட இந்தப் பேச்சை எடுக்காதம்மா, ஆம்பளைக்கு அது குத்தும். காகிதத்தை என்கிட்ட விட்டுடு." இரண்டும் தங்கமான பிள்ளைகள். ஒருவர் மனசு ஒருவர் நோகக்கூடாதென்று, சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.

காகிதத்துக்கும் ஆயுசு உண்டு. போலீஸ் சான்றிதழ் சில மாதம்தான் செல்லும். மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு கெடு, மகனின் சம்பளச் சீட்டுக்கு ஒரு கெடு. எல்லாம் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்தால்தான் மனு போகும். நான் ஒன்று கைக்கு வந்த பிறகுதான் அடுத்ததற்கு எழுதிப் போடுவேன். ஆபீஸ் ஒழுங்கு அது. இரண்டாவது வருவதற்குள் முதலாவது செத்துவிடும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சும்மாவா சொன்னார்கள். மறுபடி மருத்துவப் பரிசோதனை, மறுபடி கட்டணம். ஒருமுறை மகன் அனுப்பியது போதவில்லை என்று தன் வளையலை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம்மா என்று நான் சொல்லத்தான் செய்தேன். அந்தப் பணத்தைக் கட்டிய ரசீது ஃபைலில் இருக்கிறது.

என் மனைவி மூன்று வருஷம் கிடந்தாள். முதுகில் ஒரு புண் வரவில்லை. டாக்டரே மருமகளைப் பார்த்துக் கை கூப்பினார். நான் ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டுப் பழையபடி பீரோவில் வைக்கும்போதெல்லாம் என் மனைவி என்னையே பார்ப்பாள். கண்ணிலிருந்து நீர் வழியும். ஒரு பக்கம் விழுந்துவிட்டால் கண்ணில் அப்படி நீர் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

என் மனைவி இறந்ததற்கு மகன் வந்தான். ஒரு வாரம்தான் லீவு. அந்த ஒரு வாரத்தில் காகிதம் அத்தனையும் சேர்த்து, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானே மனுவைப் போட்டுவிட்டான். மெயில் முகவரி மட்டும் என்னுடையது. "தகவல் உங்க மெயிலுக்கு வரும்பா. வந்ததும் அவ பாஸ்போர்ட்டை அனுப்பிடுங்க, அவ்வளவுதான்" என்றான். விமான நிலையத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பல் தெரியச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இனி அந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். வயசான காலத்தில் பூட்டின வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் பயம், வக்கீலம்மா. அதை மறைப்பானேன்.

தகவல் வந்த அன்று எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு கண்ணில் கட்டு. மறுகண்ணால் படித்தேன். விசா அனுமதிக்கப்பட்டது, முப்பது நாளுக்குள் பாஸ்போர்ட்டை அனுப்பவும் என்று இருந்தது. அவள் டீயோடு வந்தாள். "கண்ணை இப்படி உறுத்திப் பார்க்கலாமா மாமா? டாக்டர் என்னைத்தான் திட்டுவார்" என்று கம்ப்யூட்டரை மூடினாள். மூடியது அவள்தான், நான் இல்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் தினமும் இருந்தேன். பாஸ்போர்ட் என் பீரோவில், சட்டைகளுக்கு அடியில் இருந்தது. தேடினால் கிடைக்காத இடமில்லை. அவள் தேடவில்லை. "ஏதாவது வந்துச்சா மாமா?" என்று மட்டும் கேட்பாள். "நாம நினைச்ச மாதிரி வரலம்மா" என்றேன். அதிலும் பொய் கிடையாது. அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

கெடு முடிந்த பிறகு மகன் அங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறான். என்னைக் கேட்டபோது, "பாஸ்போர்ட் வீட்லதான்பா இருக்கு, அவ எடுத்துக் குடுக்கல" என்றேன், அதுவும் நிஜம்தானே. அன்று அவளுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கு நான் வேண்டாம்னா நீங்கதான் நேரா சொல்லணும்."

"நான் வேண்டாம்னேனா? விசாவ கையில குடுத்தா…"

நான் எழுந்து போய்ப் போனை எடுத்தேன். "கோபத்துல பேசினா வார்த்தை தடிச்சுடும்பா. ஆறட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லி அணைத்துவிட்டேன். அவனைப் பேசி முடிக்க விட்டிருந்தால் அடுத்த வார்த்தையில் எல்லாம் வெளியே வந்திருக்கும். அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகையைப் பார்த்து எனக்கே தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இருக்கேன்ல" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

இதுதான் நடந்தது. விசா வந்தது. நான்தான் பாஸ்போர்ட்டை அனுப்பவில்லை, தெரிந்தே அனுப்பவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நான் சொல்லாமல் யார் சொல்வது?

ஆனால் அந்தத் தாளை உடனே கோர்ட்டில் நீட்ட வேண்டும் என்று என்ன அவசரம்? ஃபைலில் அடியில் இருக்கட்டும். முதலில் ஒரு வாய்தா வாங்குங்கள். அப்புறம் இன்னொன்று. ஏதாவது ஒரு காகிதம் குறைகிறது என்று சொன்னால் எந்தக் கோர்ட்டும் தேதி கொடுக்கும், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். வழக்கு நடக்கிறவரை அவளுக்கும் ஒரு இடம் வேண்டும், என் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் ஃபீஸ் எவ்வளவானாலும் நான் கட்டுகிறேன். நாதியில்லாத பெண். அவளுக்கு நான் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

கதவைத் தட்டுகிறாள். கண்ணுக்கு மருந்து விடும் நேரம். வரச் சொல்லுங்கள். உங்கள் முகத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள், வக்கீலம்மா. எதற்கெடுத்தாலும் பயந்துவிடுகிற பெண் அவள்.