பின்கதவில் ஒரு கை

"காருக்கு இத்தினி தோலு இருக்குதே நைனா... உள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டாதா?"

கேட்டது சுவாதி. ஆறு வயது. அவள் அப்பா அஜித்நாதன் சிரித்துக்கொண்டே வண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கிட்ட வந்து உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இது என் நண்பர் அப்பாண்டைநாதனின் மைத்துனர் அஜித்நாதனுக்கு நடந்தது. சமணர், பொய் பேசாதவர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்து, அருகனைக் கும்பிட்டுப் படுத்துவிடுகிற மனிதர். அதனால் இது ராத்திரியில் நடந்ததில்லை. பகல். உச்சி வேளை.

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகிற சாலை. ஊர் முடிந்து பாறைக் குன்றுகள் மட்டும் இருக்கிற இடம். அங்கேதான் அவருடைய பெயின்ட் ஷெட்டும், பின்னால் வீடும். பன்னிரண்டு மணிக்கு அந்தச் சாலையில் நாய்கூட நடக்காது. பாறை சூடேறி... காற்று நின்று... காதுக்குள் 'ங்' என்று ஒரு சத்தம் மட்டும்.

வந்த வண்டி ஒரு பழைய அம்பாசிடர். மகள் கல்யாணத்துக்குப் புதுசு மாதிரி வேண்டும் என்று தங்கராஜ் என்பவர் விட்டுப் போனார். வெள்ளையைத் தேய்த்தால் பச்சை. பச்சையைத் தேய்த்தால் கருப்பு. அதற்கும் கீழே தகடு. நசுங்கிய சொட்டைகளைத் தட்டி எடுத்து, பள்ளம் நிரப்பப் பட்டி பூசி, அதன்மேல் கருப்புப் பெயின்டைப் புகை மாதிரி லேசாக அடித்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேடான இடம் முதலில் வெளுக்கும். பள்ளத்தில் கருப்பு அப்படியே நிற்கும். எங்கே சரியில்லை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இடது பின்கதவு. சர்ர்... சர்ர்...

கருப்புக்கு நடுவில் ஒரு கை வெளுத்தது.

ஐந்து விரல். உள்ளங்கை. பெண்ணின் கை போலச் சின்னது.

வெளுத்தால் அது பள்ளம் இல்லை... மேடு. வெளியிலிருந்து யாரும் குத்தவில்லை. உள்ளேயிருந்து தள்ளியிருக்கிறார்கள்.

ஏதோ பழைய அடி என்று தட்டி இறக்கி மட்டமாக்கினார். மறுநாள் உச்சியில் மறுபடி கருப்பு அடித்துத் தேய்த்தார். அதே இடம். அதே கை. இந்த முறை விரல்கள் விரிந்திருந்தன. கதவுக்கு உள்ளே கண்ணாடி வளையல் தகட்டில் உரசியது. கிணுக்... கிணுக்... மஞ்சளும் வியர்வையும் கலந்த வாடை.

பக்கத்து வெல்டிங் கடை ஜெயக்கொடியை இழுத்துவந்தார்.

"இன்னா அஜித்து, பேய் கை குடுக்குதா? நீயும் குடுத்துட்டு வேலயப் பாரு" என்று சிரித்தபடிதான் ஜெயக்கொடி கதவில் காதை வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"உள்பக்கம் ஒரு தகடு வெச்சி வெல்டு அடிச்சிட்றேன். எது இருந்தாலும் உள்ளயே கெடக்கட்டும்."

தங்கராஜுக்குப் போன் போட்டார்கள். "முன்னாடி வாடகைக்கு ஓடின வண்டிப்பா. தொண்டூர்லருந்து ஒரு பொம்பளய பிரசவத்துக்கு ஏத்தினு வந்து, நடுவழியில நின்னுபோச்சாம். டிரைவரு கதவ மூடினு ஆள் கூப்புட போனானாம்... அதுக்கு மேல எங்க வூட்ல யாரும் பேச மாட்டாங்க."

ஜெயக்கொடி தகட்டை அளந்துவிட்டார். அப்போதுதான் குழந்தை கேட்டது அஜித்நாதனுக்கு ஞாபகம் வந்தது. மூச்சு முட்டாதா?

"வேணாண்ணா" என்றார்.

அவருக்கும் பயம்தான். ஆனால் உள்ளே இருப்பது தவிக்கிறது என்று தோன்றிவிட்ட பிறகு எப்படி மூடுவது? அன்று முதல் உச்சி வேளையில் அந்தக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே தரையில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். சாயங்காலம் எடுத்தால் ஒரு சொட்டுகூடக் குறைந்திருக்காது. ஆனால் கை மறுபடி எழும்பவில்லை.

ஒரு வாரம் கழிந்தது. கதவுகளின் கைப்பிடிகளை உள்ளும் புறமும் கழற்றி, கண்ணாடிகளில் பேப்பர் ஒட்டி, சாம்பல் நிற பிரைமர் அடித்துக் காயவைத்தார். இனி மூடினால் ஸ்க்ரூடிரைவரை விட்டுத்தான் கதவைத் திறக்க முடியும். மூன்று கதவுகளை மூடினார். அந்த ஒன்றை மட்டும் வழக்கம்போலத் திறந்து வைத்தார். உச்சிக்கு முன்பே சொம்பை வைத்தார். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெயின்ட் வாங்க செஞ்சி பஜாருக்குப் போனார்.

திரும்பியபோது உச்சி வெயில். அந்தக் கதவு மூடியிருந்தது.

வீட்டுப் பக்கமிருந்து அவர் மனைவி ரம்யா ஓடிவந்தார். "சுவாதி உங்க கூடவா வந்தா?"

கதவுக்குக் கீழே ஒரு சின்னச் செருப்பு கிடந்தது.

தகரக் கூரை. அடைத்த வண்டி. உள்ளிருந்து திறக்க முடியாத கதவு. அவர் திறந்துவைத்த கதவு... அவசரத்தில் ஸ்க்ரூடிரைவர் ஓட்டையில் நுழையவே மாட்டேன் என்றது. ஒருவழியாகத் திறந்தார். உள்ளேயிருந்த அனல் முகத்தில் அறைந்தது.

யாரும் இல்லை. சொம்பும் இல்லை.

ஷெட்டுக்குப் பின்னால், வேப்பமர நிழலில் சுவாதி தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு அடியில் மடித்த கோணி. முடி, சட்டையெல்லாம் ஈரம். பக்கத்தில் சொம்பு, காலியாக.

எழுப்பிக் கேட்டார்கள். "உள்ள ஏறினேன், கதவு மூடிக்கிச்சி நைனா... அழுதேன். அப்புறம் தெரியல."

ரம்யா குழந்தையைத் தூக்கிப்போன பிறகு, அவர் மட்டும் வண்டியிடம் திரும்பினார். பெயின்டர் கண்ணை நம்ப மாட்டான், கையைத்தான் நம்புவான். கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தடவினார். கைப்பிடி ஓட்டைக்குப் பக்கத்தில் அவர் உள்ளங்கை இறங்கியது. ஐந்து விரல். அதே சின்னக் கை.

இந்த முறை மேடு இல்லை. பள்ளம்.

வெளியே நின்று அழுத்திய கை.

அந்த இடத்தில் அவர் பட்டி பூசவில்லை. அப்படியே பெயின்ட் அடித்துக் கொடுத்தார். "இன்னாபா, ஒரு சொட்டைய விட்டுட்ட?" என்று தங்கராஜ் கேட்டதற்கு, "அது இருக்கட்டும்ங்க" என்றார். வண்டி போய்விட்டது.

ஆனால் சொம்புத் தண்ணீரை அவர் நிறுத்தவில்லை. இப்போது வேப்பமரத்தடியில் வைக்கிறார்.

இப்போதெல்லாம்... தண்ணீர் குறைகிறது.